ஏலக்காரர் வீட்டு ஏலம்

எங்கள் ஊர் நியாஹுருருவில் மணிச் சத்தம் கேட்டால் அது பள்ளிக்கூடமா, தேவாலயமா, காகுருவா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பள்ளிக்கூட மணிக்குப் பிள்ளைகள் மெதுவாக நடப்பார்கள். தேவாலய மணிக்குப் பெரியவர்கள் மெதுவாக நடப்பார்கள். காகுருவின் மணிக்கு மட்டும் ஊரே ஓடும். அவர் ஏலக்காரர். கடன் கட்டாதவர்களின் வீடு, மாடு, டிராக்டர், சோபா என்று எதையும் வங்கிகளுக்காக விற்றுக் கொடுப்பது தொழில்.

அப்படிப்பட்ட ஆளை ஊர் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் வெறுக்கவில்லை. ஜப்திக்குப் போகும் வீட்டுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை வாங்கிக்கொண்டு போவார். அந்தச் சர்க்கரை போட்ட தேநீரைக் குடித்துவிட்டுத்தான் மாட்டை அவிழ்ப்பார். அவிழ்க்கும் முன் மாட்டின் பெயரைக் கேட்டுக்கொள்வார். ஏலத்தில் அந்தப் பெயரைச் சொல்லி, அதன் நடையழகு, பால், பொறுமை என்று அவர் அடுக்கும்போது, விலை கேட்க வந்தவனுக்கு மாட்டின் மேல் காதலே வந்துவிடும். "எம் மாடு இவ்வளவு நல்ல மாடுன்னு இவரு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது" என்று, மாட்டைப் பறிகொடுத்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெருமைப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

காகுரு மனதார வெறுத்தது ஒன்றைத்தான். ஸ்டே. கோர்ட்டுத் தடை உத்தரவு.

எங்கள் பக்கத்தில் ஏலத்தின் விதி எளியது. சுத்தியல் விழுந்துவிட்டால் வீடு போனது போனதுதான். அதற்கப்புறம் எந்த நீதிபதியும் அதைத் திருப்பித் தருவதில்லை, வேண்டுமானால் நஷ்டஈடு கேட்டு ஆயுசு முழுக்க வழக்காடலாம். சுத்தியல் விழுவதற்கு முன் தடை உத்தரவுத் தாள் ஏலக்காரர் கையில் சேர்ந்துவிட்டால் ஏலம் நின்றுவிடும். ஆகவே கடன் வாங்கியவரின் வக்கீல் தாளோடு துரத்துவதும், அது கைக்கு வருவதற்குள் ஏலக்காரர் சுத்தியலை இறக்கப் பார்ப்பதும், கால்பந்துக்கு அடுத்தபடியாக எங்கள் ஊர் ரசிக்கும் விளையாட்டு.

"நீதிபதிக்கு உக்காந்திருக்கத்தான் சம்பளம். அதனால அவரு பாக்குற எல்லாத்தையும் உக்காரச் சொல்றாரு" என்பது தடை உத்தரவு பற்றிக் காகுருவின் சட்ட விளக்கம். உத்தரவிலிருந்து தப்புவதை அவர் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தார். மணியை எடுக்க வலது கை போகும்போதே இடது கை சட்டைப் பைக்குள் நுழைந்து ஃபோனை அணைத்துவிடும். கண் ஒன்று எப்போதும் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும். காகித உறையோடு எவனாவது தென்பட்டால் மூன்று தரமும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். இந்த வித்தை முழுவதையும் தெயூரி என்ற உதவியாளனுக்குக் கற்றுக் கொடுத்தார். தெயூரி நன்றாகக் கற்றுக்கொண்டு, தனியாகக் கடை போட்டான்.

இப்படிப்பட்ட காகுருவின் வீடே ஒருநாள் ஏலத்துக்கு வந்தது.

ஜப்திச் சாமான்களை ஏற்றிவர லாரி வாங்க வேண்டும் என்று வீட்டை அடமானம் வைத்திருந்தார். மாதாமாதம் பேசிய தவணையைப் பேசிய தேதியில் கட்டினார். வங்கி நடுவில் வட்டியை ஏற்றியது. ஏற்றியதை அவரிடம் சொல்லவில்லை. அவர் பழைய தவணையையே கட்ட, மாதாமாதம் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததற்கு அபராதம் விழுந்தது. அடுத்து அவர் கட்டிய பணத்தை வங்கி முதலில் அபராதத்தில் வரவு வைத்துக்கொண்டு, தவணை வரவில்லை என்றது. அதற்கும் அபராதம். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய மனிதர், ஒரு தவணையும் சரியாகக் கட்டாதவராகிவிட்டார்.

வங்கி ஏலத்தை தெயூரியிடம் ஒப்படைத்தது. அவன் அறிவிப்பை ஒட்ட வந்தபோது ஒரு பொட்டலம் சர்க்கரை வாங்கி வந்திருந்தான். காகுருவின் மனைவி வமூயு அதை வாங்கிக்கொண்டு, தன் வீட்டுச் சர்க்கரையிலேயே தேநீர் போட்டுக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க முதலாளி. தொழில்."

"தொழில்னா ஒழுங்கா செய். அறிவிப்ப இவ்வளவு கீழயா ஒட்டுவ? ஆடு திங்கும்."

"எங்க ஒட்டட்டும்?"

"மேல. இன்னும் மேல. வலது மூலை கோணிக்கிச்சு பாரு. பசையக் கொண்டா இப்படி."

தம் வீட்டு ஏல அறிவிப்பைத் தாமே நேராக ஒட்டிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்து, திருப்தியோடு தலையாட்டினாராம். வமூயு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா மும்பியப்பா? இல்ல, சுத்தி ரெண்டு பூவும் ஒட்டணுமா?" மூத்த மகள் பெயர் மும்பி.

அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ தெரியாது. மறுநாள் காலை காகுரு, வக்கீல் கதோனியின் அலுவலகப் படி ஏறினார். எத்தனையோ ஏலங்களில் தடை உத்தரவோடு அவரைத் துரத்திய அதே கதோனி அம்மாள். ஊரில் வேறு வக்கீல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தம்மை யார் அதிகமாகத் தோற்கடித்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

"அடடே, காகுருவா! உங்க மூஞ்சி இப்படித்தான் இருக்குமா? நான் எப்பவும் முதுகதானே பாத்திருக்கேன்" என்றார் கதோனி.

"எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன?"

"அதான்... கோர்ட்டுல குடுப்பாங்களே."

"கோர்ட்டுல நெறைய குடுப்பாங்க. அபராதம் குடுப்பாங்க, ஜெயில் குடுப்பாங்க. பேரச் சொல்லுங்க."

காகுரு ஜன்னலைப் பார்த்தார். "ஸ்டே."

கதோனி உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "வஹோமே, இங்க வா. டீயும், சுடச்சுடப் பொரிச்ச மண்டாசிப் பலகாரமும் கொண்டா. இவரு சொன்னத நீயும் ஒரு தடவ கேட்டுக்க." வஹோமே அவருக்காகக் கோர்ட்டுத் தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள். காகுருவைத் துரத்தித் துரத்தியே அவருக்கு முழங்கால் வலி வந்திருந்தது.

வட்டி, அபராதம், வரவு வைத்த விதம் என்று காகுரு கதை முழுவதையும் சொன்னார். கதோனி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதே கதைய வேற ஒருத்தன் உங்ககிட்ட சொன்னா, நீங்க என்ன சொல்வீங்க?"

"கட்டாதவன்தான் கணக்குப் பேசுவான்னு சொல்வேன்."

"இப்போ?"

"இப்போ கணக்குப் பேச வந்திருக்கேன்."

கதோனி சிரித்துவிட்டார். வழக்கில் சாரம் இருந்தது. வட்டியை ஏற்றியதைச் சொல்லாமல், தவறாத தவணையைத் தவறியதாகக் காட்டியது கோர்ட்டில் எடுபடும். ஆனால் எல்லாம் கூடிவர ஏலத்தன்று காலைதான் உத்தரவு கையெழுத்தாகும். பதினோரு மணிக்கு ஏலம். தெயூரி காகுருவின் மாணவன்.

"உங்க தந்திரத்த எல்லாம் சொல்லுங்க. எங்க ஓடுவான், எப்ப ஓடுவான், எல்லாம்" என்றார் கதோனி.

ஃபோன், கண், ஒரே மூச்சில் மூன்று தரம், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே இருக்கும் சந்து என்று காகுரு ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல வஹோமே, "அப்படியா! அன்னிக்கு அப்படித்தானா!" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"வேற?"

"அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. ஏலம் நடக்கும் இடம் தபால் நிலைய வாசல் என்றுதான் அறிவிப்பில் போடுவார்கள். எங்கள் தபால் நிலையத்துக்கு வாசல் இரண்டு. ஒன்று பெரிய தெருவில், இன்னொன்று சந்தைப் பக்கம். தாளோடு வருகிறவன் ஒரு வாசலில் நிற்க, சுத்தியல் மறு வாசலில் இறங்கும். அதை மட்டும் காகுரு சொல்லவில்லை. இந்த வழக்கு முடிந்ததும் மறுபடி தொழிலுக்குப் போக வேண்டுமே!

புறப்படும்போது கதோனி இரண்டே கட்டளை போட்டார். "ஏலத்தன்னிக்கு நீங்க வாயத் திறக்கக் கூடாது. ஃபோன அணைக்கக் கூடாது. இந்த ரெண்டு போதும்."

"இது என்ன பெரிய விஷயம்?" என்றார் காகுரு.

ஏலத்தன்று பனி விலகுவதற்குள் தபால் நிலையத்தைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனின் வீட்டை எங்களில் யாரும் ஏலத்தில் கேட்பதில்லை. கேட்டு வாங்கிவிட்டால் அப்புறம் அவனோடு யாரும் ஒரு கோப்பை தேநீர் குடிக்க மாட்டார்கள். ஆனாலும் தவறாமல் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பூட்டிக்கொண்டு நிற்போம். வங்கி சொன்ன குறைந்தபட்ச விலையை யாரும் தொடாவிட்டால் ஏலம் கலைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் வெளியூர் ஆள் வந்தால்தான் ஆபத்து. அன்றைக்கு இருவர் வந்திருந்தார்கள். நகுருவிலிருந்து தோல் சட்டை போட்ட ஒருவர், நைரோபியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். இருவர் காலணியிலும் சேறு இல்லை.

தெயூரி சந்தைப் பக்க வாசலில் மேசையைப் போட்டபோது காகுருவுக்குச் சுருக்கென்றது. கதோனியும் வஹோமேயும் கோர்ட்டிலிருந்து பெரிய தெரு வாசலுக்குத்தான் வருவார்கள். கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் மறைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களே கூப்பிடட்டும், ஃபோன்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

தெயூரி மணி அடித்தான்.

காகுருவின் இடது கை சட்டைப் பைக்குள் போய், ஃபோனை அணைத்துவிட்டு, வெளியே வந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. பல வருஷப் பழக்கம் எஜமானரின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை.

"மூணு படுக்கையறை வீடு. தகரக் கூரை. தண்ணி உண்டு. யாரு கேக்குறீங்க?" என்றான் தெயூரி.

ஊர் உதட்டைப் பூட்டிக்கொண்டு நின்றது. தோல் சட்டைக்காரர் தயங்கி முப்பது லட்சம் ஷில்லிங் என்றார். வங்கி சொன்ன குறைந்தபட்சம் அறுபது. நைரோபி அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காகுரு சும்மா இருந்திருந்தால் ஏலம் அங்கேயே செத்திருக்கும். தடை உத்தரவே தேவைப்பட்டிருக்காது.

"தண்ணி உண்டாம்" என்றார் காகுரு பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாயத் திறக்காதீங்க" என்று வமூயு அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் பின்னாடி தோட்டம்" என்றான் தெயூரி. "அதுல... செடி."

காகுருவால் தாங்க முடியவில்லை.

"செடியா! டேய், இதுக்கா உனக்குச் சோறு போட்டு வளத்தேன்? தண்ணி உண்டுன்னா என்னடா அர்த்தம்? தண்ணி வண்டி இழுக்குற கழுதைகிட்டகூடத்தான் தண்ணி உண்டு! பத்தாயிரம் லிட்டர் தொட்டின்னு சொல்லு! காலைல கதவத் திறந்தா நியாண்டருவா மலை வாசப்படிக்கே வந்து உக்காந்திருக்கும்னு சொல்லு! அந்தக் கூரை மேல மழை பெய்யுறப்போ படுத்துப் பாருங்கம்மா, பேங்க் மேனேஜர்கூட மனசாட்சி உள்ளவன் மாதிரி தூங்குவான். மண்ணு! உருளைக்கிழங்கக் கீழ போட்டுட்டுக் குனிஞ்சு எடுக்கப் போனா வேர் விட்டிருக்கும்!"

நைரோபி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பத்தஞ்சு."

"அம்பது" என்றார் தோல் சட்டை.

"அம்பதா? ஐயா, அந்த வீட்டுக் கதவு ஒரே தேவதாரு மரத்துல செஞ்சது. கதவுக்கே அம்பது தரலாம்!" என்றார் காகுரு.

"காகுரு, நீரு யாரு பக்கம்யா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு முட்டைக்கோஸ் வியாபாரி கதறினார். காகுருவின் காதில் விழவில்லை. அம்பத்தஞ்சு. அம்பத்தெட்டு. ஒரு கையால் மலையையும் மறு கையால் மழையையும் காட்டிக்கொண்டு, முகம் ஒளிர, அவர் தம் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஏலத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"அறுபத்தொண்ணு" என்றார் நைரோபி அம்மாள்.

தோல் சட்டைக்காரர் தலையை ஆட்டி விலகினார். தெயூரி சுத்தியலை எடுத்தான். "அறுபத்தொரு லட்சம், ஒரு தரம்."

அப்போதுதான் காகுருவின் வாய் மூடியது. விற்றுக்கொண்டிருப்பது யார் வீடு என்று அவருக்கு ஞாபகம் வந்த கணத்தை ஊரே அவர் முகத்தில் பார்த்தது.

"தெயூரி, நிறுத்து. ஸ்டே வருது. கையெழுத்தாயிடுச்சு."

"தாள் எங்க முதலாளி?"

"வந்துக்கிட்டிருக்கு."

"வாய்ச்சொல்லு உத்தரவு இல்ல, தாளக் கண்ணால பாத்தாத்தான் உத்தரவு. நீங்க சொல்லிக் குடுத்தது. ரெண்டு தரம்."

"இரு தம்பி" என்றார் வமூயு.

அதுவரை சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டிராத வமூயு மேசைக்கு முன்னால் வந்து, நைரோபி அம்மாளைப் பார்த்தார்.

"இவரு நல்லதெல்லாம் சொல்லிட்டாரு. வாங்குறவங்களுக்கு மத்ததும் தெரியணும்ல? சமையக்கட்டுப் புகைபோக்கியச் சொன்னாரா? வீடு கட்டின நாள்லேருந்து புகை ஒருநாள்கூட வெளிய போனதில்ல. எங்களோடதான் குடியிருக்கு, வாடகை குடுக்காம."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

"பத்தாயிரம் லிட்டர் தொட்டி உண்டு, சரி. ஓட்டை எங்கன்னு சொன்னாரா? அஞ்சாயிரத்துக்கு மேல ஒரு சொட்டு நிக்காது. அந்தத் தேவதாருக் கதவு மழைக்காலத்துல திறக்காது, வெயில்காலத்துல மூடாது. கேட்டா, 'அடுத்த மாசம்' அப்படிம்பாரு. எம் மக பிறந்தப்போ சொன்ன அடுத்த மாசம். அவ இப்போ காலேஜ் முடிச்சுட்டா."

"சொல்லும்மா, சொல்லு!" என்றது கூட்டம். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது.

"கூரைக்குள்ள தேனீ இருக்கு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. பட்டாகூட அதுங்க பேர்லதான் இருக்கணும். இவரு அதுங்களுக்குப் பயந்து ஹாலுல படுப்பாரு. மலை வாசப்படிக்கு வருதாம்! மலை வந்து என்ன பண்ணும், புகைபோக்கி அடைச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போகுமா?"

இதற்குள் சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஓர் ஏலத்தில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. நைரோபி அம்மாளும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார். "நான் கேட்ட விலைய வாபஸ் வாங்கிக்கிறேன்." சுத்தியல் விழாத வரைக்கும் அது அவர் உரிமை.

தெயூரி தோல் சட்டையைப் பார்த்தான்.

"என்னப் பாக்காதப்பா. தேனீ கொட்டினா எனக்கு மூஞ்சி வீங்கும்."

"அப்போ முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லி, முறைப்படி தெயூரி மறுபடி மணி அடித்தான்.

காகுருவின் இடது கை மறுபடி சட்டைப் பைக்குள் போனது. போய், அங்கேயே நின்றது. மெதுவாக ஃபோனை வெளியே எடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே அணைந்திருந்தது.

"மும்பியம்மா, நான் ஃபோன அணைச்சிருக்கேன்" என்றார் சிறுபிள்ளை மாதிரி.

"தெரியுமே. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாய அணைப்பீங்கன்னு நெனச்சேன்."

அதற்குள் கட்டிடத்தின் மறுபக்கத்திலிருந்து ஓட்டச் சத்தம் கேட்டது. பெரிய தெரு வாசலில் உத்தரவோடு நின்று, ஏலத்தைக் காணாமல், காகுருவை ஃபோனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்திருந்த கதோனியையும் வஹோமேயையும் முதலில் அந்தச் சிரிப்பு யோசிக்க வைத்தது. மணிச் சத்தம் வழி காட்டியது. வலிக்கும் முழங்காலோடு வஹோமே மூலை திரும்பினார், கையில் காகித உறை.

தெயூரியின் கண் உறையைப் பார்த்தது. கால் தானாகத் திரும்பியது. மேசையைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்து, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே இருந்த சந்துப் பக்கம் பாய்ந்தான். அங்கே சந்தின் வாயில் காகுரு கையை விரித்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வழிய யாருடா கண்டுபிடிச்சா?"

"நீங்கதான் முதலாளி."

"அப்போ நின்னு வாங்கிக்க."

வஹோமே வந்து, மூச்சு வாங்க, தாளை தெயூரி கையில் வைத்தார். தெயூரி அதை ஒரு வரி விடாமல் படித்தான். வழக்கு முடியும்வரை வீட்டை விற்கவோ தொடவோ வங்கிக்கும் அதன் ஏலக்காரருக்கும் தடை. சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கூட்டம் ஆரவாரம் செய்தது.

கதோனி மட்டும் ஆரவாரம் செய்யவில்லை. "எத்தன வாசல் காகுரு?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றார் காகுரு, தரையைப் பார்த்து.

"என் ஃபீஸும் ரெண்டு."

அப்புறம் நடந்தது நீண்ட கதை, ஆனால் சுவாரசியம் இல்லாத கதை. வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. வங்கி அபராதக் கணக்கை எடுத்துக் காட்ட வேண்டும் என்று நீதிபதி சொன்னதும், வங்கிக்குத் திடீரென்று சமாதானத்தில் ஆசை வந்தது. அபராதத்தைத் தள்ளி, சொல்லாமல் ஏற்றிய வட்டியை இறக்கி, தவணையைப் பழையபடி ஆக்கிக்கொண்டார்கள். வீடு தப்பியது. ஆனால் புகைபோக்கி தப்பவில்லை. சந்தையில் அவர் போகும் இடமெல்லாம் "புகை வாடகை குடுக்குதா காகுரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கொத்தனாரைக் கூட்டிவந்து சரிசெய்தார். தொட்டியும் கதவும் அடுத்த மாதம் என்று கேள்வி. தேனீக்கள் இருக்கின்றன.

இதனால் காகுரு திருந்திவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். இன்றைக்கும் சர்க்கரைப் பொட்டலத்தோடு போகிறார், மாட்டின் பெயரைக் கேட்கிறார், தடை உத்தரவென்றால் முகம் சுளிக்கிறார். "என்னோடது வேற விஷயம். என்கிட்ட நியாயம் இருந்துச்சு" என்கிறார். எந்த வாசலில் மேசை போடுவார் என்பது இப்போதும் கடைசி நிமிஷம்வரை யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு மாற்றம். ஏல நாட்களில் அவருடைய ஃபோன் வமூயுவிடம் இருக்கிறது. மேசைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருப்பார். மணி அடிக்கும். காகுருவின் இடது கை வெறும் சட்டைப் பைக்குள் போய்த் துழாவிவிட்டுத் திரும்பும். ஃபோன் அடிக்கும். வமூயு ஊசியைக் கீழே வைக்காமலே எடுத்துப் பேசுவார்.

"ஆமா வக்கீலம்மா, சந்தைப் பக்க வாசல்தான். மெதுவாவே வாங்க. இன்னும் மாட்டப் பத்திப் பேசிக்கிட்டுத்தான் இருக்காரு."